கம்பியைத் தாண்டும்போது கார் நிற்பதற்கு

வணக்கம். 100 கிலோஹெர்ட்ஸ் காயிலிலிருந்து (கம்பிச் சுருள்) கம்பியில்லாமல் மின்சாரம் எடுக்கும் உங்கள் பொம்மைக் கார் சுருளின் நடுவில் ஓடுகிறது, சுருளின் கம்பியைத் தாண்டினால் நிற்கிறது, காரில் மின்சாரத்தை ஒரே திசையில் விட வைத்த 1என்4007 டையோடும் கொதிக்கிறது என்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு கோளாறு.

டையோடு எளிது. 1என்4007, 50 ஹெர்ட்ஸுக்கு ஆன சரக்கு. 100 கிலோஹெர்ட்ஸில் அது அணைவதற்குள் அடுத்த அலை வந்துவிடும். பின்னோக்கியும் கடத்திச் சுடும். காரில் உள்ள நான்கு டையோடையும் வேகமாக அணையும் 1என்5819 ஷாட்கி டையோடாக மாற்றுங்கள்.

கார் நிற்பது காந்தப்புலத்தின் குணம். கம்பிக்கு உள்பக்கம் புலம் மேல்நோக்கி என்றால் வெளிப்பக்கம் கீழ்நோக்கி. காரின் காயில் கம்பிமேல் பாதிப்பாதியாக நிற்கும்போது இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும், மின்னழுத்தம் பூஜ்யம். காரின் காயிலில் எத்தனை சுற்று கூட்டினாலும் பலனில்லை. அந்த இடைவெளியைக் கடக்க 2.7 வோல்ட், 10 ஃபாரட் சூப்பர் கெபாசிட்டர் (நிறைய மின்னேற்றம் சேமிப்பது) இரண்டைத் தொடரில் போட்டு, மின்னழுத்தம் மீறாமல் இருக்கக் குறுக்கே 5.1 வோல்ட் ஜீனர் டையோடு வையுங்கள். நாணய வடிவ 5.5 வோல்ட் சூப்பர் கெபாசிட்டர் வேண்டாம். உள்தடை அதிகம், மோட்டாரை அசைக்காது.

காரில் உள்ள ரிசீவர் காயிலை அந்த 100 கிலோஹெர்ட்ஸுக்கு ட்யூன் செய்தீர்களா? 24 மைக்ரோஹென்றியும் 0.1 மைக்ரோஃபாரட் பாலிப்ரொப்பிலீன் கெபாசிட்டரும் இணையாகச் சேர்ந்தால் ஏறக்குறைய 103 கிலோஹெர்ட்ஸ். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே வோல்ட் பார்த்து, அது உச்சத்துக்கு வரும்வரை காயிலில் ஒவ்வொரு சுற்றாகக் குறையுங்கள். சுமை இல்லாமல் அளந்தால் மீட்டர் 20 வோல்ட்கூடக் காட்டும், மோட்டாரை மாட்டியதும் படுத்துவிடும்.

மோட்டாரின் இரும்பு உறை காயிலுக்கு நேர் மேலே இருந்தால் புலத்தை இரும்பு தின்னாமல் இருக்க இரண்டுக்கும் நடுவில் ஃபெரைட் (காந்தப்புலத்தைத் தன் வழியே விடும் பீங்கான் போன்ற பொருள்) தகடு ஒட்டுங்கள். தடத்துக்கு அடியில் அலுமினியத் தகடு இருந்தால் அதுவும் புலத்தைத் தின்னும், முதலில் அதைக் கழற்றுங்கள்.