கோச்சை எப்போது மாற்றுவார்கள்? அதுவரை சீசன் டிக்கெட்டுக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: நானும் கணவரும் அமெரிக்காவின் தென்பகுதியில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்தோம். வேலையும் அதே ஊரில் கிடைத்துவிட்டது. ஒன்பது வருடமாகக் கல்லூரி அணியின் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டங்களுக்கு இரண்டு சீசன் டிக்கெட் வாங்குகிறோம். இருக்கைக்கென்று தனியாக நன்கொடையும் கட்டுகிறோம். இப்போதைய கோச்சுக்கு இது நான்காவது வருடம். முதல் மூன்று சீசனிலும் வெற்றியைவிடத் தோல்விதான் அதிகம். போன மாதம் சொந்த மைதானத்தில் நான்கில் மூன்றாவது குவார்ட்டர் முடிவதற்குள் எங்கள் வரிசையே காலியாகி, நாங்கள் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருந்தோம். விளையாட்டுத் துறை இயக்குநரோ கோச் மீது முழு நம்பிக்கை இருக்கிறது என்கிறார். ஏன் இன்னும் நீக்கவில்லை? எப்போது தெரியும்? பிப்ரவரிக்குள் டிக்கெட்டைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கலாமா?

பதில்: கோச்சின் ஒப்பந்தத்தைப் படித்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே தேடிப் படியுங்கள். மாநிலப் பல்கலைக்கழகம் என்பதால் அது பெரும்பாலும் பொது ஆவணம். உள்ளூர்ப் பத்திரிகை ஏற்கெனவே கேட்டு வாங்கி இணையத்தில் போட்டிருக்கும். கிடைக்காவிட்டால் மாநிலத்தின் பொது ஆவணச் சட்டப்படி பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கேட்கலாம். நோட்ர டாம், யுஎஸ்சி மாதிரி தனியார் பல்கலைக்கழகங்களில் இந்த வழி கிடையாது.

கையில் வந்ததும் ஊதியப் பக்கத்தைத் தாண்டி, 'காரணமின்றி நீக்கினால்' என்று தொடங்கும் பகுதிக்கு நேராகப் போங்கள். அங்கே இருக்கும் தொகையைத்தான் பைஅவுட் என்கிறார்கள். 'காரணம்' என்றால் அங்கே விதிமீறல், ஒழுக்கக்கேடு, வேலையைச் செய்யாமல் விடுவது. ஆட்டத்தில் தோற்பது அதில் வராது. அதனால் தோற்ற கோச்சை அனுப்ப வேண்டுமென்றால் மிச்ச வருடங்களுக்குப் பேசிய பணத்தைக் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். உங்கள் முதல் கேள்விக்கு முக்கால்வாசி பதில் இதில் இருக்கிறது.

இந்தப் பணம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் ஒரு பாடம். 2017 டிசம்பரில் ஜிம்போ ஃபிஷரைக் கோச்சாகப் பத்து வருடத்துக்கு 7.5 கோடி டாலர் என்று எடுத்தார்கள். 2020இல் 9 வெற்றி, ஒரே தோல்வி. அந்த மகிழ்ச்சியில் 2021இல் ஒப்பந்தத்தை 2031 வரை நீட்டி, சம்பளத்தையும் ஏற்றினார்கள். அடுத்த வருடமே 5 வெற்றி, 7 தோல்வி. 2023 நவம்பரில் மிசிசிப்பி ஸ்டேட்டை 51-10 என்று ஜெயித்த மறுநாள் நீக்கினார்கள். பைஅவுட் 7.6 கோடி டாலருக்கு மேல். அறுபது நாளுக்குள் 1.9 கோடி, அப்புறம் 2031 வரை வருடத்துக்குச் சுமார் 72 லட்சம் என்று கணக்கு. அவர் வேறு வேலைக்குப் போனாலும் இதில் ஒரு டாலர் கழியாது. ஒப்பந்தம் அப்படி.

கடைசியாகச் சொன்ன அந்த விஷயத்தை உங்கள் கோச்சின் ஒப்பந்தத்திலும் பாருங்கள். வேறு இடத்தில் வாங்கும் சம்பளத்தைக் கழித்துக்கொள்ளலாம் என்ற விதி இருக்கிறதா? பென் ஸ்டேட் 2025 அக்டோபரில் தன் கோச் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை நீக்கியபோது கொடுக்க வேண்டியது ஏறக்குறைய 4.9 கோடி டாலர். அவர் அடுத்த மாதமே வர்ஜீனியா டெக்கில் சேர்ந்ததும் அது 90 லட்சத்துக்கு இறங்கியது. ஒரு விதியால் 4 கோடி டாலர் மிச்சம். உங்கள் கோச்சை எடுக்க இன்னொரு பல்கலைக்கழகம் தயாராக இருக்குமா என்பது, இந்த விதி இருந்தால், உங்கள் பல்கலைக்கழகத்தின் கஜானாவைத் தொடும் கேள்வியாகிவிடுகிறது.

இன்னொன்று, தேதி. பல ஒப்பந்தங்களில் பைஅவுட் குறிப்பிட்ட ஒரு நாளில் குறையும். நெப்ராஸ்கா கோச் ஸ்காட் ஃபிராஸ்டுக்கு 2022இல் அந்த நாள் அக்டோபர் 1. அதுவரை பொறுத்திருந்தால் 1.5 கோடி டாலர் பாதியாகியிருக்கும். பொறுக்கவில்லை, செப்டம்பர் 11ஆம் தேதியே அனுப்பிவிட்டார்கள். முந்தைய நாள் இரவு நடந்ததைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று புரியும். சொந்த மைதானத்தில் 35 புள்ளியோ அதற்கு மேலோ எடுத்த ஆட்டம் எதிலும் நெப்ராஸ்கா அதுவரை தோற்றதில்லை: 214 ஆட்டம், 214 வெற்றி. அன்று 42 எடுத்தும், சிறிய அணியான ஜார்ஜியா சதர்னை 642 கஜம் முன்னேறவிட்டு, ஆட்டம் முடிய 36 வினாடி இருக்கும்போது கடைசி டச்டவுனையும் கொடுத்து 45-42 என்று தோற்றது. அந்த மைதானம் 1962 முதல் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நிறைகிற இடம். அப்படிப்பட்ட ரசிகர்கள் கைவிட்டுப் போவதைத் தடுக்க, பொறுக்காததால் கூடுதலாகப் போன 75 லட்சம் பெரிய விலையாகத் தெரியவில்லை.

அதற்காக ஒரு தோல்வியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒஹையோ ஸ்டேட்டைப் பாருங்கள். 2024 நவம்பர் 30, சொந்த மைதானம், பரம எதிரி மிஷிகன், அதுவும் அந்த வருடம் தடுமாறிக்கொண்டிருந்த மிஷிகன். 13-10 என்று தோற்றார்கள். கோச் ரையன் டேவை அன்றிரவே அனுப்பு என்று ரசிகர்கள் கத்தினார்கள். பல்கலைக்கழகம் அசையவில்லை. ஏழு வாரம் கழித்து, 2025 ஜனவரி 20ஆம் தேதி, அதே அணி அதே கோச்சோடு நோட்ர டாமை 34-23 என்று ஜெயித்துத் தேசியப் பட்டம் வாங்கியது. பட்டத்துக்கான கடைசிச் சுற்றான பிளேஆஃப் பன்னிரண்டு அணிகளோடு முதன்முதலாக நடந்த வருடம் அது. பழைய நான்கு அணி முறை என்றால் அந்தத் தோல்வியோடு சீசன் முடிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

சரி, டேயின் அணியில் ஆட்கள் அருமையானவர்கள். உங்கள் கோச்சின் கதை வேறு. நான் பார்க்கச் சொல்வது தோல்வியின் வகையை. மறுபடி ஃபிராஸ்டிடமே வருகிறேன். 2021இல் அவர் அணி 9 ஆட்டம் தோற்றது. ஒன்பதிலும் வித்தியாசம் 9 புள்ளியோ அதற்குக் கீழோ. 'கொஞ்சம்தான் தவறுகிறது, அடுத்த வருடம் திரும்பிவிடும்' என்று சொல்லி, சம்பளத்தைக் குறைத்து இன்னொரு வருடம் கொடுத்தார்கள். அடுத்த சீசனின் முதல் ஆட்டம் அயர்லாந்தின் டப்ளினில், நார்த்வெஸ்டர்னுடன். 28-17 என்று முன்னணியில் இருக்கும்போது, எந்த அவசியமும் இல்லாமல், பந்தைத் தாங்களே மறுபடி பிடிக்கலாம் என்று ஆன்சைட் கிக் அடிக்கச் சொன்னார். பந்து எதிரணியிடம் போனது. 31-28 என்று தோற்றார்கள். ஒரு வருடம் நூலிழையில் தோற்பது துரதிர்ஷ்டமாக இருக்கலாம். நான்கு வருடம் அப்படியே தோற்றால் அது பழக்கம். அதற்கு கோச்தான் பொறுப்பு.

உங்கள் அணியின் கடைசி பத்து தோல்விகளை எடுத்து ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள். மூன்றாவது குவார்ட்டரில் ஒவ்வொரு முறையும் சரிகிறார்களா? தேவையில்லாத பெனால்டி குறையவே இல்லையா? டைம்அவுட் மிச்சமில்லாமல் கடைசி இரண்டு நிமிடத்துக்கு வருகிறார்களா? திறமை குறைவால் வரும் தோல்வி இரண்டு வருட ஆள்சேர்ப்பில் சரியாகலாம். இந்த மாதிரிக் கோளாறு ஆள் மாறினாலும் மாறாது.

அப்புறம், கோச் தன்னை மாற்றிக்கொள்கிறாரா என்று பாருங்கள். இதை நான் மிகவும் மதிக்கிறேன். மிஷிகனில் ஜிம் ஹார்பா 2020இல் 2 வெற்றி, 4 தோல்வியோடு நின்றபோது சம்பளம் பாதியானது. தடுப்பாட்டப் பயிற்சியாளரை மாற்றி, இளம் பயிற்சியாளர்களை உள்ளே கொண்டுவந்தார். அடுத்த நவம்பரில் ஒஹையோ ஸ்டேட்டை 42-27 என்று வீழ்த்தினார். 2023 சீசனில் 15 ஆட்டமும் ஜெயித்துப் பட்டம் வாங்கினார். எதிரணிகளின் சைகைகளைத் திருடிய விவகாரமும் தண்டனையும் அந்தக் காலத்தின் மேல் விழுந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்தக் குளிர்காலத்தில் உங்கள் கோச் தன் ஒருங்கிணைப்பாளர்களில் (தாக்குதலையும் தடுப்பாட்டத்தையும் கவனிக்கும் துணைப் பயிற்சியாளர்கள்) ஒருவரைக்கூட மாற்றவில்லை என்றால், அடுத்த வருடமும் இதே ஆட்டத்தைத்தான் பார்ப்பீர்கள்.

'முழு நம்பிக்கை' என்ற அறிக்கையைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2024 நவம்பரில் புளோரிடா பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை இயக்குநர், கோச் பில்லி நேப்பியர் தொடர்வார் என்று பகிரங்கமாக அறிவித்தார். அணி அதற்குப் பிறகு நன்றாகவே ஆடி 8-5 என்று முடித்தது. அடுத்த அக்டோபரில், ஓர் ஆட்டம் ஜெயித்த மறுநாளே நேப்பியர் போய்விட்டார். இயக்குநர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. நடு சீசனில் அப்படிச் சொல்லாவிட்டால், சேர வாக்குக் கொடுத்த பள்ளி மாணவர்கள் கலைந்துவிடுவார்கள். அந்த வாக்கு அந்த சீசனுக்கு மட்டும் செல்லும்.

எப்போது தெரியும்? டிசம்பர் முதல் வாரத்தில் பள்ளி மாணவர்கள் எந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஆடுவோம் என்று கையெழுத்துப் போடுகிறார்கள். ஜனவரியில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், அதாவது வீரர்கள் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறப் பெயர் கொடுக்கும் வழி, திறக்கிறது. புது கோச்சுக்கு இந்த இரண்டும் வேண்டும் என்பதால்தான் இப்போதெல்லாம் அக்டோபரிலேயே நீக்குகிறார்கள். கையெழுத்து நாள் தாண்டியும் உங்கள் கோச் இருந்தால் பெரும்பாலும் இன்னொரு சீசன் இருப்பார். 2025 ஜூலையிலிருந்து பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்றாகிவிட்டது; முதல் வருடத்துக்கு 2.05 கோடி டாலர் வரை. பைஅவுட்டுக்குப் போகிற பணமும் இதற்குப் போகிற பணமும் சுற்றி வளைத்து ஒரே நன்கொடையாளர்களிடமிருந்துதான் வர வேண்டும்.

டிக்கெட்டுக்கு வருகிறேன். கையெழுத்து நாளும் போர்ட்டலும் முடிந்த பிறகுதான் உங்கள் பிப்ரவரி வருகிறது. அதுவரை பணம் கட்டாதீர்கள். உங்கள் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் முக்கிய ஆட்டக்காரர்) போர்ட்டலில் போய், ஒருங்கிணைப்பாளர்களும் மாறாமல் இருந்தால், நானாக இருந்தால் ஒரு வருடம் விட்டுவிட்டு, பிடித்த இரண்டு மூன்று ஆட்டத்துக்கு மட்டும் தனி டிக்கெட் வாங்குவேன். தோற்கும் அணிக்கு அது மலிவாகவே கிடைக்கும். ஆனால் முதலில் டிக்கெட் அலுவலகத்துக்கு போன் செய்து, ஒரு வருடம் விட்டால் நல்ல இருக்கைக்கு முன்னுரிமை தரும் உங்கள் ஒன்பது வருடப் புள்ளிகள் என்னவாகும் என்று கேளுங்கள். புள்ளிகள் அழிந்துவிடும் என்றால், நன்கொடை குறைவாக உள்ள பகுதிக்கு இருக்கையை மாற்றிக்கொள்வது நல்லது. இருக்கைக்காகக் கட்டும் நன்கொடைக்கு 2018 முதல் கூட்டாட்சி வரிக் கழிவு கிடையாது. வரியில் வரும் என்று நினைத்துக் கட்டியிருந்தால் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள்.

எந்த முடிவெடுத்தாலும் இயக்குநருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கோச்சைத் திட்ட வேண்டாம். இருபது வயதுப் பையன்களின் பெயரையும் இழுக்க வேண்டாம். இத்தனை வருடம் கட்டிய தொகை, அடுத்த வருடம் கட்டப்போகிற தொகை, இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். அந்த ஆட்டத்தின் தேதி, உங்கள் வரிசை எண், அது காலியாக இருந்த நேரம் மூன்றையும் கட்டாயம் சேருங்கள்.