ஹைட்ரோஃபாயில் கப்பலில் ப்ரொப்பெல்லர் இல்லாமல் ஏன் வாட்டர் ஜெட் வைக்கிறார்கள்?

நீங்கள் மரைன் இன்ஜினியரிங் மாணவர், நாளை வைவா என்று எடுத்துக்கொள்கிறேன். இதே கேள்வியில்தான் நானும் மாட்டினேன்.

என் ப்ராஜெக்ட் போயிங் ஜெட்ஃபாயில். வாட்டர் ஜெட் வைத்த ஹைட்ரோஃபாயில் அது; தண்ணீருக்கடியில் இருக்கும் இறக்கைகள் (ஃபாயில்) தூக்கிக்கொடுக்க, கப்பல் மேலே எழும்பி ஓடும். அந்த இறக்கைகளைக் கப்பலோடு இணைப்பவைதான் கால்கள். ஹாங்காங்குக்கும் மக்காவுக்கும் இடையே 1975-இல் ஓடத் தொடங்கிய படகு, வேகம் 45 நாட். வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர், "தண்ணீரைக் கால் வழியாக மேலே ஏற்றிப் பின்னால் பீய்ச்ச வேண்டுமா? ப்ரொப்பெல்லர் இதைவிடச் சிக்கனமாயிற்றே?" என்றார். மனப்பாடம் செய்திருந்தபடி "கேவிடேஷன் சார்" என்றேன் (வேகம் கூடினால் ப்ரொப்பெல்லரைச் சுற்றி நீராவிக் குமிழ்கள் உண்டாகி உந்துதலைக் கெடுப்பது). "கனடாவின் பிராடோர் ஹைட்ரோஃபாயில் 1969-லேயே ப்ரொப்பெல்லரை வைத்துக்கொண்டு 63 நாட் போனதே?" என்றார். அதோடு சரி, எனக்கு வாய் வரவில்லை.

சொல்லியிருக்க வேண்டியது இதுதான். ஃபாயிலில் ஓடும்போது கப்பலின் வயிறு தண்ணீருக்கு மேலே நிற்கும். எஞ்சின் மேலே, ப்ரொப்பெல்லர் கீழே, நடுவில் ஒல்லியான ஒரு கால். ஆயிரக்கணக்கான குதிரைத்திறனை அதற்குள் கியர் வைத்து இறக்கி, அடியில் மறுபடி 90 டிகிரி திருப்ப வேண்டும். காலைத் தடிமனாக்கினால் இழுவை கூடிவிடும். வாட்டர் ஜெட்டில் கால் வெறும் குழாய். டர்பைன், கியர்பாக்ஸ், பம்ப் எல்லாம் மேலே, ஸ்பேனர் எட்டுகிற இடத்தில்.

அப்புறம் அந்த 'மேலே ஏற்றுவது'. 45 நாட் என்றால் விநாடிக்கு 23 மீட்டர். அந்த வேகத்தில் முன்பக்க வாய்க்குள் புகும் தண்ணீர், கணக்குப்படி 27 மீட்டர் உயரம் ஏறும். பம்ப் இருப்பதோ சில மீட்டர் மேலே. (இது இலவசம் என்று நான் சொல்லவில்லை. அந்த இழுவையைக் கப்பல்தான் சுமக்கிறது, குழாய் உராய்விலும் கொஞ்சம் போகும். கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள்.) எரிபொருள் சிக்கனத்தில் ஜெட் தோற்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அமெரிக்கக் கடற்படை 1960-களில் ஃப்ளாக்ஸ்டாஃப் என்று ப்ரொப்பெல்லரில் ஒன்று, டுகும்காரி என்று ஜெட்டில் ஒன்று, இரண்டையும் கட்டி ஓட்டிப் பார்த்தது. பிறகு வந்த பெகாசஸ் வகைக் கப்பல்கள் 6-ம் ஜெட்தான்.

அந்த எக்ஸாமினருக்கு மட்டன் பிரியாணி வாங்க எங்களிடம் தலைக்கு 50 ரூபாய் வசூலித்தார்கள். பிறகு காலேஜ் திருப்பித் தரும் என்றார்கள். இன்னும் வரவில்லை.