ஒரு சிட்டிகை உப்பும் லண்டன் மெயிலும்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். லண்டன் பையர் அடுத்த சீசனுக்கு எத்தனை பீஸ் வேண்டியிருக்கும் என்று ஒரு பட்டியல் அனுப்பி, 'ப்ளீஸ் டேக் தீஸ் நம்பர்ஸ் வித் எ பிஞ்ச் ஆஃப் சால்ட்' என்று எழுதியிருக்கிறார். எங்கள் சீனியர், "உப்புக்குச் சப்பாணிதான், சும்மா அனுப்பியிருக்காங்க, தூக்கிப் போடு" என்கிறார். முதலாளியோ நூலுக்குச் சொல்லிவிடலாமா என்று கேட்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் பேச்சையும் கேட்காதீர்கள். பட்டியலைத் தூக்கிப் போடவும் வேண்டாம், அதை நம்பி நூல் வாங்கவும் வேண்டாம். 'எண்களைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அப்படியே நம்பிவிடாதீர்கள்' என்றுதான் அவர் சொல்கிறார். 'அவன் சொல்றதுல பாதியைத் தள்ளிட்டு எடுத்துக்கோ' என்று நம் வீடுகளில் சொல்வோமே, கிட்டத்தட்ட அதுதான். மீதிப் பாதியில் விஷயம் இருக்கிறது என்பதை உங்கள் சீனியர் விட்டுவிட்டார்.

உப்பு எப்படி இதற்குள் வந்தது என்று தேடுபவர்கள் பெரும்பாலும் போய் நிற்பது ரோமானிய எழுத்தாளர் பிளினியிடம். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தாரே, அவர்தான். தன்னுடைய 'இயற்கை வரலாறு' நூலின் 23ஆம் பகுதியில் ஒரு விஷமுறிவு மருந்தைச் சொல்கிறார். கருங்கடல் கரையில் இருந்த பாண்டஸ் நாட்டு மன்னர் மித்ரிடேட்டஸைத் தோற்கடித்த பிறகு, தளபதி பாம்ப்பி அவருடைய அந்தரங்கக் குறிப்புகளில் கண்டெடுத்ததாம். காய்ந்த அக்ரூட் இரண்டு, அத்திப்பழம் இரண்டு, சதாப்பு இலை இருபது, இவற்றோடு ஒரு கல் உப்பு சேர்த்து அரைத்து வெறும் வயிற்றில் சாப்பிட்டால் அன்றைக்கு எந்த விஷமும் ஏறாது. (கடைசியில் அந்த மன்னர் விஷம் குடித்தும் உயிர் போகவில்லை, வாளால்தான் முடிந்தது என்பார்கள். இந்தக் கதையையும் கொஞ்சம் உப்பு போட்டுத்தான் கேட்க வேண்டும்.) பிளினி சொன்னது நிஜ உப்பு. அதில் சந்தேகம் ஏறியதெல்லாம் பிற்பாடு; ஆங்கிலத்தில் இந்த வழக்கு 17ஆம் நூற்றாண்டிலிருந்து தென்படுகிறது. அமெரிக்கர்கள் 'பிஞ்ச்' என்பதைவிட 'கிரெய்ன்' என்பதே அதிகம். பொருள் ஒன்றுதான். 'எ லார்ஜ் பிஞ்ச்' என்று யாராவது எழுதினால் நம்பிக்கை இன்னும் குறைவு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது, யார் எதைப் பற்றிச் சொல்கிறார் என்பது. தான் கொடுத்த கணக்கைப் பற்றித் தானே சொன்னால் அது அடக்கம். எண்கள் மாறலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடும் நேர்மையும்கூட. உங்கள் பையர் செய்திருப்பது இதுதான். வதந்தி, தேர்தல் கணிப்பு, ஆன்லைன் கடையில் ஐந்து நட்சத்திர விமர்சனம் போன்றவற்றைப் பற்றியும் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் எதிரில் இருப்பவரின் பேச்சைப் பற்றி அவரிடமே சொல்வது வம்பு. 'ஐ வில் டேக் யுவர் நம்பர்ஸ் வித் எ பிஞ்ச் ஆஃப் சால்ட்' என்று நீங்கள் பதில் போட்டால், 'உன் கணக்கை நான் நம்பவில்லை' என்று முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். அவர் வாக்கியத்தை அவருக்கே திருப்பி அனுப்புவது மரியாதை என்று நினைத்து அந்தத் தப்பைச் செய்துவிடாதீர்கள்.

அதற்குப் பதிலாக, எந்த ஸ்டைல்களின் எண்ணிக்கை ஓரளவு உறுதி, எவை மாறலாம், உறுதியான ஆர்டர் எந்தத் தேதிக்குள் வரும் என்று நேரடியாகக் கேட்டு எழுதுங்கள். முதலாளியிடம் 'இது உத்தேசக் கணக்கு' என்று சொல்லுங்கள். நூல் மில்லில் விலையும், எத்தனை நாளில் தர முடியும் என்பதும் இப்போதே விசாரித்து வைக்கலாம். அட்வான்ஸ் மட்டும் பையரின் பதில் வந்த பிறகு கொடுக்கட்டும்.