சர்வர் மாற்றியபின் தமிழ்ப் பெயர்கள் குழம்பினால்

புதிய சர்வருக்கு மாறியபின் உங்கள் கொலுசுப் பட்டறையின் பில்லில் வாடிக்கையாளர் பெயர்கள் ஐரோப்பிய எழுத்துக் குப்பையாக வருகின்றன என்கிறீர்கள். பில் போடும் ஸ்கிரிப்டில் (சிறு நிரலில்), டேட்டாபேஸ் இணைப்பு திறந்த அடுத்த வரியிலேயே குறியாக்கத்தை (எழுத்துகளை எண்களாக வைக்கும் முறையை) 'லத்தீன்1' என்று அமையுங்கள்; அது மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய முறை. பெயர்கள் மறுபடி தமிழிலேயே வரும்.

மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில், நாமாக எதுவும் சொல்லாதபோது வரும் இயல்புக் குறியாக்கம் முன்பு லத்தீன்1, 8.0 பதிப்பு முதல் எல்லா மொழிகளுக்குமான யூடிஎஃப்8எம்பி4. உங்கள் ஸ்கிரிப்ட் பழைய இயல்பை நம்பியே இத்தனை காலம் ஓடியிருக்க வேண்டும். எழுதிக் கொடுத்தவரைத் திட்டிப் பயனில்லை, அன்று எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள்.

உறுதி செய்ய, ஊர்ப் பெயர் 'சேலம்' என்றுள்ள ஒரு பதிவுக்கு, எழுத்துகளை எண்ணிச் சொல்லும் 'சார்_லெங்த்' கட்டளையைக் கொடுங்கள். 15 வந்தால் இதே கோளாறு: ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் உள்ள மூன்று பைட்டும் தனித்தனி எழுத்தாக எண்ணப்படுகின்றன. சரியாகச் சேமித்திருந்தால் 5: ச, ஏகாரக் குறி, ல, ம, புள்ளி.

ஒன்று மட்டும் கவனம். பெயர்கள் கேள்விக்குறிகளாகத் தெரிந்து, சேமித்த பைட்டுகளைக் காட்டும் 'ஹெக்ஸ்' கட்டளைக்கு 3எஃப், 3எஃப் (கேள்விக்குறியின் எண்) என்றே வந்தால், எழுத்துகள் அழிந்துவிட்டன, பேக்கப்தான் வழி. பெயர்கள் சரியாகும்வரை பழைய சர்வரை மூட விடாதீர்கள்.