ஆன் ஃபிரான்சிஸ் நினைவாக ஒரு மாலை: எதைத் திரையிடுவது, எப்படித் திரையிடுவது?

கேள்வி: 'ஹனி வெஸ்ட்' தொலைக்காட்சித் தொடரில் துப்பறிவாளராக நடித்த ஆன் ஃபிரான்சிஸ் நினைவாக எங்கள் கல்லூரித் திரைப்பட மன்றத்தில் ஒரு மாலை நிகழ்ச்சி நடத்த இருக்கிறோம். அரங்கம் மூன்று மணி நேரம் கிடைக்கும். டிவிடியைப் போட்டுப் பார்த்தபோது முகங்கள் அகலமாகத் தெரிந்தன. யாராவது வேகமாக நகர்ந்தால் சீப்புப் பற்கள் மாதிரி கோடுகள் விழுந்தன. எதையெல்லாம் காட்டலாம்? படத்தை எப்படிச் சரிசெய்வது? அறிமுக உரையில் என்ன சொல்வது?

பதில்: தேர்விலிருந்து தொடங்குவோம். ஹனி வெஸ்ட் அத்தியாயங்களை மட்டும் ஐந்தாறு அடுக்கிப் போட்டுவிடாதீர்கள். 30 அத்தியாயங்களும் அரை மணி நேர ஒளிபரப்புக்காக எடுக்கப்பட்டவை. விளம்பரம் போக ஒவ்வொன்றும் ஏறக்குறைய 25 நிமிடம். வாரத்துக்கு ஒன்றாகப் பார்க்க எழுதியவற்றைத் தொடர்ந்து பார்த்தால் கதையின் வார்ப்பு மூன்றாவதிலேயே தெரிந்துவிடும். வீட்டில் உலவும் ஓசிலாட் காட்டுப்பூனையும் உதட்டுச் சாயக் குப்பிக்குள் இருக்கும் ஒலிவாங்கியும் மட்டுமே மாணவர்கள் மனதில் நிற்கும். நடிகை நிற்கமாட்டார்.

ஆன் ஃபிரான்சிஸின் பலம் எதிரில் இருப்பவர் பேசும்போது அவர் கேட்கும் விதத்தில் இருக்கிறது. ஐந்து வயதிலிருந்தே விளம்பர மாடலாகவும் வானொலி நாடகங்களிலும் வேலை செய்தவர். வசனத்துக்கு எங்கே மூச்சு விட வேண்டும், எங்கே அரை நொடி தாமதிக்க வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. அதை உணர, ஹனி வெஸ்டுக்குப் பத்து வருடம் முன்னால் அவர் எப்படி இருந்தார் என்று பார்வையாளர்கள் பார்த்திருக்க வேண்டும். எனவே எங்கள் பரிந்துரை இது: முதலில் 'பேட் டே அட் பிளாக் ராக்' (1955, 81 நிமிடம்). பிறகு பத்து நிமிட இடைவேளை. அதன்பின் 'ட்வைலைட் ஸோன்' தொடரின் 'தி ஆஃப்டர் ஹவர்ஸ்' (1960, 25 நிமிடம்), அடுத்து ஹனி வெஸ்டில் இரண்டு அத்தியாயங்கள். கூட்டினால் 166 நிமிடம். மீதம் பதினான்கு நிமிடத்தில் அறிமுக உரைக்குப் பத்து, தாமதத்துக்கு நான்கு.

ஜான் ஸ்டர்ஜஸ் இயக்கிய அந்த 1955 படத்தில் பெண் பாத்திரம் ஒன்றே ஒன்றுதான். ஊரே ஒரு குற்றத்தை மூடி மறைக்கிறது. விசாரித்து வரும் ஸ்பென்சர் டிரேசிக்கு ஜீப்பை வாடகைக்குக் கொடுக்கும் லிஸ் விர்த்தாக ஆன் ஃபிரான்சிஸ் வருகிறார். திரையில் இருக்கும் நேரம் குறைவுதான், ஆனால் பயமும் பிடிவாதமும் ஒரே முகத்தில் தெரியும். அவருடைய தம்பியாக நடித்திருப்பவர் ஜான் எரிக்சன். அதே எரிக்சன்தான் ஹனி வெஸ்டில் கூட்டாளி சாம் போல்ட். அக்கா-தம்பியாகப் பார்த்த இருவரை இடைவேளை முடிந்ததும் தொழில் கூட்டாளிகளாகப் பார்ப்பது இந்த நிகழ்ச்சிக்கு மட்டுமே கிடைக்கும் சுகம். உரையில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தேடிப் பார்ப்பார்கள்.

'தி ஆஃப்டர் ஹவர்ஸ்' விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பெரிய அங்காடி ஒன்றில் தங்க விரலுறை வாங்க வரும் பெண், இல்லாத தளத்துக்குப் போய்ச் சேர்வதாகத் தொடங்கும் கதை. அதன் புகழ்பெற்ற புகைப்படங்களில் பல முடிவைக் காட்டிக்கொடுத்துவிடும். சுவரொட்டிக்கு அவற்றைத் தொடாதீர்கள்.

ஹனி வெஸ்டில் முதலில் ஒளிபரப்பான 'தி ஸ்விங்கின் மிஸஸ் ஜோன்ஸ்' அத்தியாயத்தையும், 'டோன்ட் லுக் நவ், பட் இஸன்ட் தட் மீ?' என்பதையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதில் அவருக்கு இரட்டை வேடம். ஒப்பனை பெரிதாக மாறாமலே, நடையாலும் குரலாலும் இரண்டு பெண்களைப் பிரித்துக் காட்டுகிறார். 'ஃபர்பிடன் பிளானட்' (1956) ஏன் இல்லை என்று யாராவது கேட்பார்கள். 98 நிமிடம் ஓடுவது ஒரு காரணம். ராபி ரோபோவும் முழுக்க மின்னணுவில் உருவாக்கிய இசையும்தான் அந்தப் படத்தின் நாயகர்கள் என்பது முக்கியமான காரணம். அதற்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள்.

இனி படத்தின் வடிவம். ஹனி வெஸ்ட், ட்வைலைட் ஸோன் இரண்டும் 4:3 சட்டத்தில் (அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு) எடுத்தவை. உங்கள் புரொஜெக்டர் 16:9. 'முழுத்திரை' அமைப்பில் வைத்தால் படம் பக்கவாட்டில் 33 சதவீதம் இழுபடும். முகம் அகலமானது அதனால்தான். புரொஜெக்டர் மெனுவில் விகிதத்தை 16:9 என்றே விட்டுவிட்டு, கணினியில் விஎல்சி பிளேயர் மூலம் 4:3 என்று தேர்வு செய்யுங்கள் (கீபோர்டில் ஏ எழுத்தை அழுத்தினால் விகிதங்கள் வரிசையாக மாறும்). இரண்டு இடத்திலும் மாற்றினால் படம் ஒல்லியாகிவிடும். டிவிடியைக் கோப்பாக மாற்றி வைத்திருந்தால் இன்னொரு கோளாறு வரலாம். அமெரிக்க டிவிடியின் படம் 720×480 புள்ளிகள். விகிதக் குறிப்பு தொலைந்த கோப்பில் முகம் 12.5 சதவீதம் அகலமாகத் தெரியும். இது கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது, நடிகை சற்றுப் பருமனானவர் என்றே நினைத்துவிடுவார்கள். காரின் சக்கரத்தைப் பாருங்கள்: வட்டமாக இருந்தால் விகிதம் சரி.

திரை 10 அடி அகலம் என்றால் 16:9-இல் உயரம் 5 அடி 7½ அங்குலம். 4:3 படம் அதில் ஏழரை அடி அகலம் பிடிக்கும். இரு பக்கமும் ஒன்றேகால் அடி வெறுமையாக நிற்கும். அந்த இடத்தில் கறுப்புத் துணி தொங்கவிடுங்கள். வெள்ளைத் திரையின் சாம்பல் ஓரம் கறுப்பு-வெள்ளைப் படத்தை மங்கலாகக் காட்டும். 'பிளாக் ராக்' சினிமாஸ்கோப் படம், உயரத்தைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு அகலம். அதற்கு மேலும் கீழும்தான் கறுப்புப் பட்டை விழும். 4:3 படங்களை எல்லாம் இடைவேளைக்குப் பின் தள்ளியது இதற்காகவும்தான். துணியை மாட்டும் வேலை ஒருமுறையோடு முடியும்.

சீப்புக் கோடுகளுக்கு வருவோம். தொடர் படச்சுருளில் நொடிக்கு 24 சட்டமாக (ஃபிரேம்) எடுக்கப்பட்டது. அமெரிக்க வீடியோவோ நொடிக்கு 29.97 சட்டம். இடைவெளியை நிரப்ப, அடுத்தடுத்த சட்டங்களின் பாதி வரிகளைக் கலந்து புதுச் சட்டம் செய்கிறார்கள். ஐந்தில் இரண்டு இப்படிக் கலப்பாக வரும். அசைவுள்ள இடத்தில் கோடு தெரிவது அவற்றில்தான். விஎல்சியில் 'டீஇன்டர்லேஸ்' வசதியை இயக்கி, முறைகளில் 'ஃபிலிம் என்டிஎஸ்சி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது கலந்ததைப் பிரித்து மூலச் சட்டங்களை மீட்கும். சில இடங்களில் கோடு மறுபடி எட்டிப்பார்த்தால் 'யாடிஃப்' முறைக்கு மாறுங்கள். 'பிளெண்ட்' வேண்டவே வேண்டாம். கோடு போய், ஜூடோ காட்சிகளில் ஒவ்வொரு கைக்கும் ஒரு நிழல் முளைக்கும். கோப்பை 25 சட்டமாக மாற்றவும் வேண்டாம். புரொஜெக்டரில் அசைவை மென்மையாக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள்.

கறுப்பு நிறத்தை யாரும் சோதிப்பதில்லை, ஆனால் இந்தத் தொடருக்கு அதுதான் உயிர். ஹனி இரவில் கறுப்பு உடையில் கட்டடங்களுக்குள் நுழைவாள். கறுப்பு முதல் வெள்ளை வரையான ஒளியளவைக் கணினி 0 முதல் 255 வரையான எண்களில் அனுப்ப, புரொஜெக்டர் 16 முதல் 235 என்று எடுத்துக்கொண்டால் உடையும் சுவரும் ஒன்றாகிவிடும். வெறும் முகம் மிதக்கும். எதிர்மாறாக இருந்தால் எல்லாம் சாம்பல் பூத்துத் தெரியும். இரு பக்கத்திலும் ஹெச்டிஎம்ஐ வீச்சு (ரேஞ்ச்) அமைப்பை ஒரே மாதிரி வையுங்கள். ஓர் இரவுக் காட்சியை நிறுத்திவைத்து, தோள் விளிம்பு சுவரிலிருந்து பிரிந்து தெரியும்வரை பிரைட்னஸை ஏற்றுங்கள், அதற்குமேல் வேண்டாம். 'விவிட்' போன்ற பளிச்சிடும் அமைப்புகள் கூடாது. நிறச் செறிவைச் சுழியமாக்கினால் கறுப்பு-வெள்ளையில் எட்டிப்பார்க்கும் பச்சை, ஊதாச் சாயல்களில் பெரும்பகுதி மறையும். ஒலி ஒற்றைத் தடம்தான், சரவுண்ட் விளைவுகளை நிறுத்திவிடுங்கள்.

டிவிடி தட்டு கணினியில் ஓடவே மறுத்தால் மண்டலக் குறியீட்டை (எந்தப் பகுதி நாடுகளில் ஓடலாம் என்று தட்டில் பதித்த எண்) பாருங்கள். அமெரிக்க டிவிடிகள் பெரும்பாலும் 1ஆம் மண்டலம், இந்தியா 5ஆம் மண்டலம். கணினி டிரைவில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்ற முடியும். ஐந்தாவதோடு அது அப்படியே பூட்டிக்கொள்ளும். தமிழ் வசனவரி சேர்ப்பதானால் யூடிஎஃப்-8 குறியீட்டில் சேமித்து, தமிழ் எழுத்துரு ஒன்றைப் பிளேயரில் தேர்வு செய்யுங்கள். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எழுத்துரு கோளாறு. கொம்பும் காலும் இடம் மாறி நின்றால் பிளேயர் பழையது. ஹனியும் சாமும் பேசிக்கொள்வது வேகமாக ஓடும். வரிக்கு முப்பது எழுத்துக்குள், இரண்டு வரிக்கு மேல் போகாமல் சுருக்குங்கள்.

உரிமை பற்றி ஒரு வார்த்தை. தட்டு வாங்கியதால் பொதுவில் திரையிடும் உரிமை வந்துவிடாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கல்வி நிறுவனத்தின் நடவடிக்கையாக அதன் ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர், நிறுவனத்தோடு தொடர்புள்ளவர்கள் ஆகியோருக்கு மட்டும் காட்டினால் விலக்கு தருகிறது. ஊரைக் கூட்டினால் விலக்கு போய்விடும், எழுத்துபூர்வ அனுமதி வேண்டும்.

அறிமுக உரையில் பலரும் தடுக்கி விழும் இடம், 'தொலைக்காட்சியின் முதல் பெண் துப்பறிவாளர்' என்ற பட்டம். 1951இலேயே ஆனா மே வாங் ஒரு தொடரில் துப்பறிந்தார். 1957இல் 'டிகாய்' தொடரில் பெவர்லி கார்லண்ட் பெண் காவலராக வந்தார். ஹனியை 'அமெரிக்கத் தொலைக்காட்சியில் சொந்தமாகத் துப்பறியும் நிறுவனம் நடத்திய பெண்களில் முன்னோடி' என்று சொல்லுங்கள், யாரும் மறுக்க முடியாது. அப்பா விட்டுப்போன நிறுவனத்தை எடுத்து நடத்துபவள் அவள். பிரிட்டனின் 'தி அவெஞ்சர்ஸ்' நாயகிகளான ஆனர் பிளாக்மன், டயானா ரிக் ஆகியோரோடு குழப்பவும் வேண்டாம்.

தேதிகள்: ஆன் ஃபிரான்சிஸ் பிறந்தது 1930 செப்டம்பர் 16, நியூயார்க் மாநிலத்து ஆஸினிங்கில். ஹனி பாத்திரம் 1965 ஏப்ரலில் 'பர்க்ஸ் லா' தொடரின் ஓர் அத்தியாயத்தில் அறிமுகமானது. தனித் தொடர் செப்டம்பர் 17 அன்று, அதாவது அவருடைய 35ஆம் பிறந்தநாளுக்கு மறுநாள், அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான ஏபிசியில் தொடங்கியது. 1966 ஏப்ரல் 8 அன்று முடிந்தது. கோல்டன் குளோப் விருதை வென்றார். எம்மிக்குப் பரிந்துரை மட்டுமே, விருது பார்பரா ஸ்டான்விக்குக்குப் போனது. தொடர் நின்றதற்கு அவரைக் காரணமாகச் சொல்வது அநியாயம். எதிர்ச் சேனலில் அதே நேரத்தில் சக்கைபோடு போட்ட நகைச்சுவைத் தொடர் இருந்தது. சொந்தமாகத் தயாரிப்பதைவிட 'தி அவெஞ்சர்ஸ்' தொடரை இறக்குமதி செய்வது ஏபிசிக்கு மலிவாகவும் இருந்தது. 2011 ஜனவரி 2 அன்று, சாண்டா பார்பராவில், 80 வயதில் காலமானார்.

சுவரொட்டிப் படத்தை அச்சுக்கு அனுப்புமுன் ஒருமுறை சரிபாருங்கள். தேடினால் ஆர்லீன் ஃபிரான்சிஸ், கே ஃபிரான்சிஸ் என்ற வேறு நடிகைகளின் படங்களும் கலந்து வரும். கீழுதட்டை ஒட்டி மச்சம் இருக்கும் முகம்தான் இவருடையது.