மடிக்கணினியின் புரொசெஸரை மட்டும் மாற்ற முடியுமா?

கேள்வி: 2019 இறுதியில் மகனுக்கு ஒரு கேமிங் மடிக்கணினி வாங்கிக் கொடுத்தோம். இன்டெல் கோர் ஐ5-9300எச் புரொசெஸர், ஒரே துண்டாக 8 ஜி.பி. ரேம் (நினைவகம்), ஜி.டி.எக்ஸ். 1650 கிராஃபிக்ஸ் ஆகியவை அதில் உள்ளன. இப்போதெல்லாம் விளையாடத் தொடங்கி அரை மணித்தியாலத்தில் திக்கித் திக்கி ஓடுகிறது. பம்பலப்பிட்டியில் ஒரு கடைக்காரர் ஐ7-9750எச் புரொசெஸர் போட்டுத் தருவதாகச் சொல்லி முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
(வாசகி, வெள்ளவத்தை)

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். மேசைக் கணினியில் புரொசெஸர் ஒரு சொக்கெற்றில் (செருகிக் கழற்றக்கூடிய தாங்கியில்) அமர்ந்திருப்பதால் அதைக் கழற்றி வேறொன்றைப் பொருத்துவது சாதாரண வேலை. மடிக்கணினிகளிலும் 2013இல் வந்த இன்டெலின் நான்காம் தலைமுறை வரை அந்த வசதி பலவற்றில் இருந்தது. அக்காலத்தில் மாற்றிப் பழகியவர்களின் பேச்சுத்தான் இன்றும் கடைகளில் உலவுகிறது என்று நினைக்கிறேன். உங்களுடைய ஒன்பதாம் தலைமுறைப் புரொசெஸரோ 1440 நுண்ணிய பற்றாசு உருண்டைகளால் மதர்போட்டுடன், அதாவது எல்லாப் பாகங்களையும் இணைக்கும் தாய்ப்பலகையுடன், நேரடியாக ஒட்டவைக்கப்பட்டது.

கடைக்காரர் சொல்வது முழுப் பொய் என்றும் நான் சொல்லமாட்டேன். தகுந்த இயந்திரம் வைத்திருப்பவர் பழையதைச் சூடேற்றி எடுத்துவிட்டுப் புதியதைப் பற்றவைக்கலாம். ஆனால் சூடு சற்றுப் பிசகினாலும் மதர்போட் போய்விடும். எல்லாம் சரியாக அமைந்தாலும், கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயோஸ் புதிய புரொசெஸரை ஏற்றுக்கொள்ளாமல் விடலாம். ஒருவேளை அவர் ஐ7 பொருத்தப்பட்ட பழைய மதர்போட் ஒன்றை முழுதாக மாற்றும் எண்ணத்தில் இருக்கலாம். அதை அவரிடமே நேரடியாகக் கேளுங்கள்.

உண்மையில் எனக்குப் புரொசெஸர் மீது சந்தேகமே இல்லை. அதன் வலு போதாதென்றால் முதல் நிமிடத்திலிருந்தே திக்க வேண்டும்; அரை மணித்தியாலம் நன்றாக ஓடிவிட்டுத் திக்குவது பெரும்பாலும் சூட்டின் அடையாளம். மகனை விளையாட விட்டு, திக்கத் தொடங்கியதும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொல்லுங்கள். திறக்கும் டாஸ்க் மனேஜரில் புரொசெஸரின் வேகம் தெரியும். 4.1 கிகாஹேர்ட்ஸ் வரை செல்லக்கூடிய அந்தப் புரொசெஸர் அதன் அடிப்படை வேகமான 2.4க்கும் கீழே விழுந்திருந்தால், சூடு தாங்காமல் தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது என்று பொருள். அந்த நிலையில் ஆறு கோர்கள் (கணிப்பு அலகுகள்) கொண்ட ஐ7ஐப் போட்டால் அதுவும் அதே விசிறியின் கீழ் அதே சூட்டில்தான் தவிக்கும்.

கடற்கரைக்கு அண்மையில் உள்ள வீடுகளில் தூசியோடு ஈரமும் சேர்வதால், விசிறிக்கும் சூட்டை வெளியேற்றும் செப்புத் தகடுகளுக்கும் நடுவே அது கம்பளித் துணிபோலப் படிந்து காற்றின் வழியையே அடைத்துவிடும். ஆகவே முதலில் அதைத் திறந்து துப்புரவாக்கி, புரொசெஸரின் சூட்டைக் கடத்தும் பசையான, காய்ந்துபோன தேர்மல் பேஸ்டைப் புதிதாகப் பூசச் சொல்லுங்கள். அடுத்ததாக இன்னுமொரு 8 ஜி.பி. டி.டி.ஆர்.4 ரேம் வாங்குங்கள். இரண்டு துண்டுகள் சேர்ந்து இயங்கும்போது மொத்த அளவு 16 ஜி.பி. ஆவதுடன் தரவு செல்லும் பாதையும் இரட்டிப்பாகும். வாங்குமுன், டாஸ்க் மனேஜரின் நினைவகப் பக்கத்தில் இரண்டில் ஒரு இடம் காலியாக உள்ளதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இவற்றுக்குப் பின்னும் திக்கினால், அதே திரையில் கிராஃபிக்ஸின் பயன்பாடு 100 வீதத்தை ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் தடை அங்கேதான். அதுவும் மதர்போட்டில் ஒட்டப்பட்டதே. மகன் விளையாட்டின் காட்சித் தரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான், அல்லது வேறு கணினிக்குப் பணம் சேர்க்க வேண்டும்.

மதர்போட்டை மாற்றியே தீர்வதென்று முடிவெடுத்தால், பற்றுச்சீட்டில் புரொசெஸரின் முழுப் பெயரையும், மதர்போட் புதியதா பழையதா என்பதையும், உத்தரவாதக் காலத்தையும் எழுதி வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டுத் தருவது வியாபாரியின் கடமை. முறைப்பாடு செய்ய நேர்ந்தால் அச்சபைக்கு மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். விசாரிக்க 1977 என்ற இலக்கத்தை அழைக்கலாம். கழற்றிய பழைய மதர்போட்டையும் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது இன்னும் வேலை செய்கிறது, உங்களுக்கே உரியது.