மாப்பிள்ளை வீட்டுப் படகு இடம்

கேள்வி: என் மகள் குடும்பம் ஃபுளோரிடாவில் ஒரு நீர்க்கரைக் குடியிருப்பில் இருக்கிறது. வீட்டோடு படகு நிறுத்தும் ‘ஸ்லிப்’ ஒன்றும் உண்டு, படகுதான் இல்லை. அதை வாடகைக்கு விடலாமா?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: முதலில் அந்த இடம் யாருடையது என்று மாப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுப் பத்திரத்திலேயே எழுதியிருக்கலாம். குடியிருப்போர் சங்கத்துக்குச் சொந்தமாக இருந்து, இவர்களுக்குப் பயன்படுத்த மட்டும் ஒதுக்கியதாகவும் இருக்கலாம். எதுவானாலும் சங்க விதிகளைப் படிக்காமல் முன்பணம் வாங்க வேண்டாம். பல சங்கங்கள் அங்கேயே குடியிருப்பவருக்குத்தான் வாடகைக்கு விடச் சொல்லும். படகிலேயே படுத்துக் குடியிருக்கவும் பெரும்பாலும் அனுமதி இருக்காது.

நம் ஒகேனக்கல் பரிசல்காரர் வேலை முடிந்தால் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரையேறிவிடுவார். அங்கே அது நடக்குமா? படகின் நீளம், அகலம், தண்ணீருக்குள் அமிழும் ஆழம் எல்லாம் அந்த ஸ்லிப்புக்குப் பொருந்த வேண்டும். கடலோடு சேர்ந்த நீர் என்றால் ஓதம் வற்றி நீர்மட்டம் இறங்கும் நேரத்து ஆழம்தான் கணக்கு.

அப்புறம், ஜூன் முதல் நவம்பர் வரை அங்கே புயல் காலம். எச்சரிக்கை வந்தால் படகை யார், எங்கே நகர்த்துவது என்பதை ஒப்பந்தத்தில் எழுதட்டும். காப்பீட்டுச் சான்று காட்டாதவர், மாப்பிள்ளையின் நண்பரே ஆனாலும், சரிப்பட மாட்டார்.